நகராத வண்டி

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலம் முழுக்க எல்லோரும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே பேர்தான். பிரசவ வார்டில் வலியில் கத்துகிறவர்களையும், வெளியே நின்று அவர்களைவிடப் பெரிதாகக் கத்துகிற புருஷன்மார்களையும் அடக்கிப் பழகிய குரல் அவளுடையது. அது எடுபடாத ஒரே ஆள் அவள் தம்பி.

கல்யாணத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் அவள் ஒரு குட்டிக் கார் வாங்கியிருந்தாள். இரண்டே கதவு, உருண்டை விளக்கு, ஆமை முதுகு மாதிரிக் கூரை. "ஒரு வாரம் குடுக்கா" என்று தம்பி வாங்கிப்போனான். வாரம் வருஷமானது. அவனுக்குப் பெரிய கார் வந்ததும் இது வீட்டுக்குப் பின்னால் மழையில் கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் அவனுக்கு அது யாருடையது என்பதே ஞாபகம் வந்தது. கயிறு கட்டி இழுத்து வந்து, அக்காவின் நிறுத்துமிடத்தில் தள்ளினான்.

"பழைய இரும்புக்குப் போட்டுடுக்கா. உன் பேர்ல இருக்கேன்னுதான் கொண்டாந்தேன்."

அவள் கதவைத் திறந்து பார்த்தாள். தரைத் தகடு அரித்துப்போய், ஓட்டை வழியே கீழே சிமெண்ட் தெரிந்தது. பின் இருக்கையில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுத் தம்பியிடம் கையை நீட்டினாள்.

"போடறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன். நீ சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு."

அவள் கணவர் நூலகத்தில் இருந்தவர். சத்தம் போடக் கூடாது என்ற அந்த இடத்து விதியை வீட்டிலும் கடைப்பிடித்தவர். "இந்த வயசுல இது எதுக்கு? நாலு பேர் சிரிப்பாங்க" என்று மெல்லச் சொன்னார்.

"சிரிக்கட்டுங்க. மனசுவிட்டுச் சிரிச்சா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க."

என்ஜின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் டீசலை ஊற்றி ஊறவிட்டாள். தினமும் காலையில் நீளமான ஸ்பேனரை மாட்டி, தன் கனம் முழுவதையும் அதன்மேல் போடுவாள். அது அசையாது. அவளும் விடவில்லை. ஒருநாள் ஸ்பேனர் மயிரிழை நகர்ந்தது. அன்றைக்கே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து என்ஜினை இறக்கி, மின்தூக்கியில் ஏற்றி, வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டாள். கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினார்.

தகவல் தெரிந்து மகள் போன் செய்தாள். "முதுகு போயிடும்மா. எங்க போகணும்னாலும் சொல்லு, நான் வண்டி அனுப்பறேன்."

"நீ அனுப்பற வண்டியில நான் ஏறி உக்காரணும். இத நான் ஓட்டணும். ரெண்டும் ஒண்ணில்ல."

அடுத்து வந்தவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். சக்கரமில்லாமல் செங்கல்மேல் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சிஸ்டர், ஓடாத வண்டிய இங்க வைக்கக் கூடாதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணிட்டோம்."

"என்னைக் கூப்பிடவே இல்லையே."

"உங்க வண்டியப் பத்தின கூட்டம். நீங்க இருந்தா பேச முடியாதேன்னுதான்."

"அப்போ நல்லா பேசியிருப்பீங்க. வண்டி ஓடும், பொறுங்க."

"எத்தன நாள் பொறுக்கறது?"

"பிரசவ வார்டுக்காரிகிட்ட நாள் கேக்காதீங்க சார். வர்றப்போ வரும்."

வெல்டர் தரைக்குப் புதுத் தகடு வைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, பட்டி பூசியது, இருக்கைக்கு உறை தைத்தது எல்லாம் அவள்தான். என்ஜின் கீழே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. சக்கரம் மாட்டியாயிற்று, பிரேக்கும் பிடித்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் இருமிவிட்டு அடங்கிப்போனது.

அந்த நிலையில்தான் ஒரு காலை, கொக்கி வைத்த லாரி ஒன்று வாசலுக்குள் வந்தது. செயலாளர் முன்னால் நடந்து வழிகாட்டினார். கிளட்ச் மிதித்துப் பார்க்க உள்ளே உட்கார்ந்திருந்த சிஸ்டர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க சிஸ்டர்."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானே கூட்டி வந்தீங்க."

மாடி வராந்தாக்களில் தலைகள் முளைத்தன. அவள் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அப்போது கணவர் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். சமாதானம் பேசி இறக்கிவிட வருகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் செயலாளரைத் தாண்டிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. மறுபடி திறந்து ஓங்கிச் சாத்தினார். குடியிருப்பே அதிர்ந்தது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் அவள் தாழ்ந்த குரலில்.

"என்னை இன்னும் ஒரு தடவைகூட இதுல உக்கார வைக்கலையே நீ."

கண்ணாடியை இறக்கிச் செயலாளரைப் பார்த்தார். "இப்ப இழுங்க சார். எங்களையும் சேத்து."

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "ஆள் உள்ள இருந்தா கொக்கி போட மாட்டேங்க. வேற ஜோலி கிடக்கு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். செயலாளர் தனியாக நின்று பார்த்துவிட்டு, போன் வந்த மாதிரி காதில் கை வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

கார்புரேட்டரை மூன்றாவது முறையாகப் பிரித்தபோதுதான் உள்ளே கடுகளவு துரு அடைத்திருந்தது தெரிந்தது. ஊசியால் எடுத்து ஊதினாள். அன்று சாவியைத் திருப்பியதும் இருமல் நிற்காமல் தொடர்ந்தது, பிறகு ஓட்டமாக மாறியது. கரும்புகை முதல் மாடிவரை எழும்பியது. சன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. அவள் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முதல் பயணத்தில் இருவரும் பெரிய சந்திப்புவரை சுகமாகப் போனார்கள். பச்சை விழுந்த நேரம் பார்த்து வண்டி நின்றது. பின்னாலிருந்து ஹாரன்கள் காதைப் பிளந்தன. பஸ் டிரைவர் ஒருவர் தலையை நீட்டி, "ஓரமாத் தள்ளிட்டுப் போம்மா" என்றார்.

"தள்ள மாட்டேன். ஓட்டிக்கிட்டுத்தான் போவேன். கொஞ்சம் பொறுங்க."

இறங்கி என்ஜின் மூடியைத் தூக்கினாள். பெட்ரோல் குழாய் கழன்று தொங்கியது. கணவர் இறங்கிப் பின்னால் போய், பஸ்ஸுக்கு முன்னால் கையை உயர்த்தி நின்றார். சிஸ்டர் அவசரப்படவில்லை. குழாயைத் துடைத்து, செருகி, திருகை முறுக்கி, இழுத்துப் பார்த்தாள். மூடியை இறக்கிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

"ஏறுங்க. விளக்கு மாறப் போகுது" என்றாள்.