ஒரு தலைக்கு ஒரு குல்லா: சித்தூரிலிருந்து ஜார்ஜியாவுக்கு மூட்டை கட்டிய கதை

போன தசரா லீவில் நாங்கள் ஆறு பேர் ஜார்ஜியா போய் நாலு நாள் மலையில் நடந்துவிட்டு வந்தோம். வந்ததிலிருந்து "எத்தனை ஸ்வெட்டர் எடுத்துக்கினு போனீங்க, மழைக்கு என்ன பண்ணீங்க" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஸ்வெட்டரை விடக் குல்லாவைப் பற்றித்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நகரிக்காரி. சித்தூரில் கணக்கு டீச்சர். ஆறு பேரும் காலையில் ஒன்றாக வாக்கிங் போகிறவர்கள். எங்கள் தலைவர் குணசீலன் சார், ரிட்டையர்டான பி.டி. மாஸ்டர். தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. கறாரில் மட்டும் குறைச்சலே இல்லை. அடுத்தவள் பத்மா, என் பக்கத்து வீட்டுக்காரி. முறுக்கு இல்லாமல் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக்கூடக் கிளம்பமாட்டாள்.

எனக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஆசை. மூன்றாம் நாள் நடையில் ஒரு கணவாய் வரும், இரண்டாயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேலே. அதை என் காலால் தாண்ட வேண்டும். ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புத்தலப்பட்டுப் பக்கம் ஸ்கூட்டியோடு விழுந்து வலது முட்டியில் ஆபரேஷன் ஆனவள் நான். மூன்று மாதம் படுக்கை. "இனிமே படி ஏறறத மறந்துடும்மா" என்றார் டாக்டர். அப்படியா சேதி என்று, படுத்த படுக்கையிலேயே ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன்: உன் மலையை நடந்தே ஏறினால் முடி கொடுக்கிறேன்.

சார் இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, ஆளுக்கு எட்டு கிலோ, அவரவர் பை அவரவர் முதுகில். இரண்டு, கிளம்புவதற்கு முன்னால் அதே பையோடு அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறிக் காட்ட வேண்டும். ஏற முடியாதவர்கள் கணவாய் நாளில் ஜீப்பில் சுற்றி வரணும். சொல்லிவிட்டு என் முட்டியைப் பார்த்தார் பாருங்கள், எனக்கு வந்ததே கோபம்!

எடை போடும் நாள் சார் வீட்டில். பையைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு அவர் கையில் இருந்தது. பத்மாவின் பையிலிருந்து இரண்டு கிலோ முறுக்கு வெளியே வந்தது. "அங்க போய் துன்றதுக்கு ரொட்டி கெடைக்கும்மா, இத்த வீட்ல வெய்யி!" என்னிடம் இரண்டு கம்பளிக் குல்லா. ஒன்றைத் தூக்கி சோபாவில் போட்டார். "ஒரு தலைக்கு ஒரு குல்லா. ரெண்டாவது தலை இருக்குதா உனுக்கு?" மிச்சம் இருந்த மெரூன் குல்லாவைக் கொண்டைக்கு மேலே இழுத்து மாட்டிப் பார்த்தேன். கச்சிதம். சார் பையை யார் நிறுத்தது என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சாரின் தராசில் தப்பித்ததைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். தடி ஸ்வெட்டர் ஒன்று வேண்டாம். மெலிசாக மூன்று அடுக்கு. வெயிலடித்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், பத்து நிமிஷத்தில் மழை வந்தால் திரும்ப மாட்டலாம். காட்டன் வேண்டவே வேண்டாம், நனைந்தால் நாலு நாளானாலும் காயாது. தொப்பியோடு சேர்ந்த ரெயின்கோட்டு, பைக்கு ஒரு உறை, கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, பழகின ஷூ. புது ஷூ வாங்கி ஏர்போர்ட்டில் மாட்டுகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். புளியோதரைப் பொடி கால் கிலோவுக்கு சார் அனுமதி கொடுத்தார், அவருக்கும் பிடிக்கும் என்பதால்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சித்தூரிலிருந்து எழுபது கிலோமீட்டர், முதல் பஸ்ஸில் திருப்பதி. அலிபிரி அடிவாரத்தில் பக்தர்களின் பையை வாங்கி இலவசமாக மேலே அனுப்பும் கவுன்டர் இருக்கிறது. பத்மாவின் கால் தன்னால் அங்கே திரும்பிவிட்டது! பிறந்ததிலிருந்து அங்கே பையைக் கொடுத்துவிட்டுக் கைவீசி ஏறிய பழக்கம். பையைக் கொடுத்து டோக்கனும் வாங்கிவிட்டாள். சார் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. கெஞ்சிக் கூத்தாடிப் பையைத் திரும்ப வாங்கினோம். வழி முழுக்க ஏறுகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். "லக்கேஜ் கவுன்டர் இருக்குதே, தெரியாதா?" என்று கேட்காத ஆளில்லை.

ஒன்பது கிலோமீட்டர், மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது படி. கடைசியில் செங்குத்தாக ஒரு ஏற்றம், தெலுங்கில் மோகாள்ள மெட்டு, முட்டிப்படி. பேரிலேயே முட்டி இருக்கிறது பாருங்கள்! ஒரு படி, ஒரு மூச்சு என்று ஏறினேன். சார் பின்னாலேயே வந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் பையைக்கூட இறக்காமல் நேராகக் கல்யாணகட்டாவுக்குப் போய் முடியிறக்க உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரை இருந்த முடி. துளி வருத்தமில்லை, சாமி சத்தியமாக.

எழுந்து வெளியே வந்தேன். மலைக்காற்று மண்டையில் பட்டது. அப்போதுதான் பத்மா வாயில் கைவைத்தாள். "ஐயையோ, இன்னும் ரெண்டு வாரத்துல குளுரு ஊருக்குப் போறோமே!"

ஆறு பேரில் ஒருத்தருக்கும் அதுவரை உறைக்கவில்லை. நம்ம ஊரில் நல்ல காரியத்துக்கு முன்னால் மொட்டை போடுவது பல் தேய்க்கிற மாதிரி, யார் யோசிக்கிறார்கள்? மெரூன் குல்லாவை எடுத்து மாட்டினேன். சரேலென்று மூக்குவரை இறங்கியது. கொண்டைக்கு அளவெடுத்த குல்லா அல்லவா! கீழே இறங்கித் திருப்பதிக் கடைத்தெரு முழுக்கக் கம்பளிக் குல்லா தேடினோம். வேர்த்து ஊற்றுகிற மத்தியானம். "இக்கட சலி எக்கடம்மா?" என்று கடைக்காரர் சிரித்தார். இங்கே குளிருக்கு எங்கே போவது, நியாயம்தானே. சோபாவில் கிடந்த இன்னொன்றும் அதே அளவு. கடைசியில் மெரூனையே பின்பக்கம் மடித்து ஊக்கு குத்திக்கொண்டேன்.

ஜார்ஜியாவில் இறங்கியதும், திபிலிசி ஏர்போர்ட்டில் அதிகாரி பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் போட்டோவைப் பார்த்தார். பத்மா பாய்ந்து வந்து, சந்தனம் பூசிய தலையோடு நான் திருமலையில் பல்லைக் காட்டி நிற்கும் படத்தைப் போனில் காட்டினாள். அவர் பக்கத்து ஆளையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். முத்திரை விழுந்தது.

அங்கிருந்து வேனில் பத்து மணி நேரம் மெஸ்தியா என்ற மலை ஊருக்கு. முதல் இரண்டு நாள் நடை சொர்க்கம். மூன்றாம் நாள் காலை வெயில், எட்டு மணிக்கு மேகம், ஒன்பதுக்கு ஊசிக் காற்று. கணவாய்க்கு முன்னால் பனி உருகி ஓடும் ஆறு ஒன்று. ஆளுக்கு நாற்பது லாரி (அந்த ஊர்ப் பணம்) வாங்கிக்கொண்டு குதிரையில் ஏற்றித் தாண்டவிடுகிறார்கள். குதிரைக்காரர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தேன். நடு ஆற்றில் ஊக்கு விட்டது. மெரூன் குல்லா பறந்து தண்ணீரில் விழுந்து, கண்ணெதிரே போய்விட்டது.

அக்கரையில் வழிகாட்டி லேவான் என் தலையைப் பார்த்தார். இளைஞர், நல்ல மனுஷன், ஆனால் கறாரில் சாருக்கு அண்ணன். "மேலே ஆலங்கட்டி மழை வரும். கம்பளிக் குல்லா இல்லாமல் கூட்டிப்போக மாட்டேன். குதிரை திரும்பிப் போகிறது, ஏறுங்கள், அந்தப்பக்கம் ஜீப் கிடைக்கும்." ரெயின்கோட்டுத் தொப்பியைக் காட்டினேன். அது மழைக்கு, குளிருக்கு இல்லை என்றார். பத்மா சால்வையை உருவினாள், ஆற்றில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரிடமும் ஆளுக்கொரு குல்லாதான், சட்டம் அப்படி. திருமலை ஏறிய முட்டி இது, ஒரு குல்லாவுக்காகத் திரும்பணுமா! குதிரைக்காரர் வேறு கையை நீட்டிவிட்டார்.

"இருங்க" என்றார் சார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்டியிட்டுத் தன் பையின் அடிவரை கைவிட்டு ஒரு நீலக் குல்லாவை உருவினார். அதோடு ஒட்டிக்கொண்டு கறுப்புக் குல்லா ஒன்றும் வெளியே விழுந்தது. தலையில் ஏற்கெனவே ஒன்று.

பத்மா எண்ணிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "சார், உங்களுக்கு எத்தினி தல சார்?"

"முடி இல்லாதவனுக்குத்தாம்மா குளுரு தெரியும். உங்களுக்கெல்லாம் என்னா, ஆண்டவர் கம்பளி குடுத்திருக்காரு" என்றார் சார். காது வரை சிவந்துபோயிருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. நீலக் குல்லா என் மொட்டையில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. லேவான் தலையாட்டினார்.

ஆலங்கட்டி அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. பதினொன்றரைக்குக் கணவாய் மேலே நின்றேன். எதிரே பனிமலை. உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டு ஓவென்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம். பத்மா ஒரு ஜோடி சாக்ஸுக்குள்ளிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள். பாதிக்கு மேல் தின்றது சார்தான்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கட்டின பையோடு ஒரு தடவை திருமலை ஏறிப் பாருங்கள், வேண்டாதது எது என்று முதுகே சொல்லிவிடும். வேண்டுதல் இருந்தால் முதலில் மொட்டை, பிறகு குல்லா, மாற்றிச் செய்யாதீர்கள். கூட்டத்தில் ஒரு குல்லாவாவது உபரியாக இருக்கட்டும். தலைவரின் பையை முதலில் நிறுங்கள்.

இப்போது எனக்குக் காதை மூடும் அளவுக்கு முடி வந்துவிட்டது. போன வாரம் நீலக் குல்லாவைத் துவைத்து மடித்துச் சாரிடம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

"நீயே வெச்சுக்கம்மா, அடுத்த மொட்டைக்கு ஆவும்" என்றார். "உனுக்கு இன்னும் ஒரு முட்டி பாக்கி இருக்குது."