ஒரு மணி பத்து நிமிஷம்

நான் ஹாக்கி ஆடியவன் அல்ல. ஹாக்கியைத் தட்டச்சு செய்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மயிலாப்பூரிலிருந்து தினமும் ராயப்பேட்டைக்கு நடப்பேன். அங்கே ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஹாக்கி சங்கத்துக்கு ஓர் அறை இருந்தது. ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், மூலையில் கிழிந்த கோல் வலைகள், எப்போதும் கோந்து வாடை. எந்த ஆட்டம், எந்த நாள், யார் யார் ஆடுவது, எல்லாம் என் விரல் வழியாகத்தான் காகிதத்துக்கு வரும். எத்தனையோ காகிதம் அடித்தேன், மறந்தேன். ஒன்று மட்டும் இந்த வயதிலும் என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரு மனிதன் தன் தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு அந்தக் காகிதமும் நானும் காரணம்.

அது மாசி மாதம். பம்பாயில் கப்பற்படைச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள் என்ற செய்தி வந்ததும் சென்னையில் கடைகள் மூடப்பட்டன. டிராம்கள் நின்ற இடத்தில் நின்றன. கடற்கரைச் சாலையில் ஊர்வலம், கோஷம், தடியடி, ஓட்டம், பிறகு செருப்புகள் மட்டும் கிடக்கும் வெறும் சாலை. அந்த வாரம் பார்த்துத்தான் இலங்கையிலிருந்து ஒரு ஹாக்கி குழு, தனுஷ்கோடியில் கரையேறி, போட் மெயிலில் எழும்பூர் வந்து இறங்கியது. கடல் தாண்டி ஒரு குழு எங்களோடு ஆட வருவது அதுவே முதல் முறை.

ஆட்டத்தை நடத்தலாமா, கூடாதா? சங்கம் கூடியது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுந்து, "ஊர்ல அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. நாம கொடி நட்டு பேண்டு வாசிச்சு பந்து உருட்டணுமா?" என்றார்.

தலைவர் எங்கள் தெரு வக்கீல். மூக்குப்பொடியை உதறிவிட்டுச் சொன்னார்: "வந்தவாளை வாசலோட திருப்பி அனுப்பறது மட்டும் மரியாதையா? அரசியல் வேற, ஆட்டம் வேற ஓய். இவா என்ன வெள்ளைக்காராளா?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கை தூக்கச் சொன்னார்கள். வாத்தியார் பக்கம் ஒரே கை, அவருடையது. 'ஆட்டம் குறித்தபடி மாலை நான்கு மணிக்கு நடைபெறும்' என்று அடித்தேன். மூன்று பிரதி.

எங்கள் கோல்கீப்பர் சாந்தோம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். பையன் இல்லை, இருபத்துநாலு வயது, என்னைவிட இரண்டுதான் குறைவு. விடிகாலையில் கட்டுமரம், சாயங்காலம் மைதானம். அலையில் நின்று பழகிய கால்கள், எந்தப் பக்கம் பந்து வந்தாலும் அந்தப் பக்கம் முன்பே சாய்ந்திருக்கும். அகில இந்தியக் குழுவுக்கு ஆள் பொறுக்குகிறவர் ஒருவர் அன்று வரப்போவதாகப் பேச்சு. மாற்றுக் கீப்பர் ஒருவர் உண்டு. அவர் ரயில்வேக்காரர், வேலைநிறுத்தத்தில் அரக்கோணத்திலேயே மாட்டிக்கொண்டார்.

ஆட்டத்தன்று காலை கோல்கீப்பர் மாடிப்படி ஏறி வந்தான். உட்காரவில்லை.

"ஐயரே, நான் வர்றது சந்தேகம். குப்பத்துல சாவு. கடற்கரையில அன்னிக்கு ஜனம் ஓடறப்போ ஒர்த்தன் மிதிபட்டான்ல? நேத்து ராத்திரி பூட்டான். பொணம் எடுக்கற வரிக்கும் எங்க ஆளுங்க யாரும் தொழிலுக்குப் போவ மாட்டோம். ஒரு மரம்கூட கடல்ல எறங்காது."

"இது தொழிலா அப்பா? ஆட்டந்தானே?" என்றேன்.

அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "ஆட்டம்னு சொன்னா, சாவு நாள்ல உனக்கு இன்னாடா ஆட்டம்னு கேப்பாங்க. தொழில்னு சொன்னா, தொழிலுக்குப் போவக்கூடாது. எப்டி போனாலும் வலையில மாட்டிக்கினேன்."

அடக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்றும் சொன்னான்.

வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். அவர் கேட்டது ஒரே வார்த்தை: "கொஞ்சம் முன்னாடி எடுக்கச் சொல்லிப் பாரேன். நம்ம தெருவுல பண்றதில்லையா?"

எங்கள் தெருவில் செய்வதுதான். தெருவில் பிரேதம் கிடந்தால் கோயிலில் பூஜை நிற்கும், மணி அடிக்காது. சுவாமி பட்டினி கிடக்கிறாரே என்று சீக்கிரம் எடுப்பார்கள். சீக்கிரம் எடுப்பதே மரியாதை என்று பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் அந்தக் கேள்வியை ரயில் நேரம் கேட்பதுபோல் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். குப்பத்து மரியாதை காத்திருப்பது. கடலில் போனவன் கரைக்கு வந்து முகம் பார்க்கும் வரை காத்திருப்பது. அது எனக்குத் தெரியாது.

குடிசை வாசலில் மணல் மீது பெஞ்சு போட்டு, பெட்டியில் செத்தவனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சிலுவை, இரண்டு மெழுகுவர்த்தி. காற்று அணைக்க அணைக்க ஒரு பெண் மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். கரை நெடுகிலும் கட்டுமரங்கள் காய்ந்து கிடந்தன. நான் குப்பத்துத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"செத்தவனோட அண்ணன் பாலவாக்கத்துல பொண்ணு எடுத்து அங்கியே கீறான், சாமி. விடியங்காட்டியும் மரம் எறக்கிட்டான். கரைக்கு வரவே மதியம் ஆவும். ஆள் அனுப்பிக்கீது. மணல்ல நடந்து அவன் வர நாலாவும். அதான் அஞ்சு மணின்னோம்."

கோல்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு, கால் விரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் அப்போதே திரும்பியிருக்கலாம். இன்றைக்கும் அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். என் கால்கள் திரும்புவதாக இல்லை. "வேறே கீப்பர் இல்லை. அயல்தேசத்துக்காரர்கள் வந்திருக்கிறார்கள்" என்றேன். கெஞ்சினேனா, மிரட்டினேனா, தெரியவில்லை. வெள்ளை வேட்டியும் காகிதமுமாக ஒருவன் வந்து நின்றாலே அங்கே அது பாதி உத்தரவு.

செத்தவனின் தாய்தான் முடிவு சொன்னாள். எழுந்திருக்கக்கூட இல்லை. "எடுத்துடுங்க. எம்புள்ள தெனம் இவன் ஆட்டத்தப் பத்திதான் பேசுவான். இவனாவது போயி நிக்கட்டும்." பிறகு கோல்கீப்பரைப் பார்த்து, "ஒயுங்கா ஆடு, கஸ்மாலம். பந்த வுட்டுட்டு வந்து நிக்காத" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்கு மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். கடைசியில் ஓர் ஆள் குனிய வேண்டிய இடம் காலியாக இருந்தது. குப்பத்துத் தலைவர் தெற்கே, அடையாற்று முகத்துவாரம் வரைக்கும், ஒருமுறை நெடுகப் பார்த்தார். பிறகு சுத்தியலை வாங்கினார்.

ஆட்டம் குறித்தபடி நான்கு மணிக்குத் தொடங்கியது. நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவன் மூன்று முறை விழுந்து தடுத்ததாகச் சொன்னார்கள். இரு பக்கமும் கோல் இல்லை.

தேநீரின்போது இலங்கைக் குழுவின் கேப்டன், யாழ்ப்பாணத்துக்காரர், என்னிடம் வந்தார். "உங்கட கீப்பருக்கு என்ன? ஒரு சிரிப்பும் இல்லை." சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"சொல்லியிருந்தா நாளைக்கு விளையாடியிருப்பமே. நாளைக்கு அடுத்த நாள்தானே எங்களுக்கு ரயில். எங்கட கரையிலயும் செத்தவீடு எண்டா வள்ளம் இறக்க மாட்டினம்."

நடத்தலாமா கூடாதா என்று அத்தனை பேசினோம். வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவனோடு குப்பத்துக்குப் போனேன். கால் கவசங்களை அவன் அக்குளில் இடுக்கியிருந்தான். வெறும் பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் உப்பு பூத்திருந்தது, முழங்காலில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. நாலு மணிக்கே வந்துவிட்டாராம். கல்லறைக்குப் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவராம். யாரும் எங்களை அறிமுகம் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஆட்டம் எவ்ளோ நேரம்?" என்றார்.

"ஒரு மணி பத்து நிமிஷம்ணா."

"அவ்ளோதானா?"

கோல்கீப்பர் கவசங்களை இன்னும் இறுக்கிக்கொண்டு, "நடுவுல அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுவாங்க" என்றான்.

"இன்னாத்துக்கு?"

"மூச்சு வாங்கிக்க."

அவர் தலையை ஆட்டினார், வியாபாரத்தில் ஒரு விலையைக் கேட்டுக்கொண்டவர்போல. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "உக்காருங்க சாமி, நின்னுக்கினே கீறீங்க" என்று பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். நான் உட்காரவில்லை. கோல்கீப்பர் அவர் காலடியில் மணலில் உட்கார்ந்தான். கவசங்களைக் கீழே வைத்தவன் நான் கிளம்பும் வரை அவற்றைத் தொடவே இல்லை. ஆள் பொறுக்க வந்தவர் அவனைக் கேட்டு மறுநாள் கடிதம் கொடுத்தனுப்பினார். அவன் போனான், இரண்டு வருஷம் ஆடினான். குப்பத்தில் ஒருவரும் அவனைக் குறை சொல்லவில்லை. அந்த அண்ணன் உட்பட. அவனாகத்தான் அந்தக் குடிசைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகத் தொடங்கினான்.

அன்று வீட்டு வாசலில் மனைவி நிறுத்தினாள். "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கேள். கெணத்தடியில குளிச்சுட்டு ஆத்துக்குள்ள வாங்கோ." தண்ணீர் இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டேன். கண்ணை மூடினால் அந்த மீன் செதில்தான் தெரிந்தது.

மறுநாள் அறிக்கை அடிக்க வேண்டும். டைப்ரைட்டரில் காகிதம் சொருகினேன். 'ஊரில் நிலவிய கலவரத்தால் எவ்வித இடையூறுமின்றி ஆட்டம் குறித்த நேரத்தில் நடைபெற்றது' என்று வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார். அதை அப்படியே அடித்தேன். மூன்று பிரதி.