கத்தி முனையில் ஒரு கருத்துக்கணிப்பு

என் சித்தப்பாவின் சலூன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. இரண்டு நாற்காலிகள், ஒன்றுதான் சுழலும். அவர் நாட்டின் வடக்கே பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு சித்தியின் ஊர் இருக்கும் தெற்குக்கு வந்தார். வந்தது உடம்பு மட்டும்தான். வாய் இன்னும் அங்கேயே குடியிருக்கிறது.

"அங்கெல்லாம் குழாயத் திறந்தா தண்ணி வரும். இங்க காத்து வருது, அதுவும் சூடா. அங்க பஸ்ல ஏறினா உக்காரலாம். இங்க அடுத்தவன் கால் மேலதான் நிக்கணும். நான் சொல்றது சரிதானே?"

இதை அவர் கேட்பது எப்போதும் ஒரே நேரத்தில்தான்: கத்தி தொண்டைக்குழிக்கு வந்த பிறகு. முகமெல்லாம் நுரையோடு, கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கிடப்பவர் "ம்ம்" என்பார். வேறென்ன சொல்வார்? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா, "இந்த ஊர்க்காரங்களே ஒத்துக்கறாங்க" என்று சித்தியிடம் ஒப்பிப்பார். இத்தனை வருடங்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்பது அவருக்கு அசைக்க முடியாத ஆதாரம்.

சித்தி பல் மருத்துவமனையில் உதவியாளர். வாயைப் பிளந்து கிடப்பவர்களின் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி அவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். பதில் வராத பேச்சில் புருஷன் பெண்டாட்டி இருவருமே கைதேர்ந்தவர்கள். வீட்டில்தான் இருவருக்கும் பதில் வரும். அதனால்தான் தினமும் சண்டை.

போன வருடம் சண்டை முற்றியது. வடக்கிலிருந்து சித்தப்பாவின் பழைய கூட்டாளி போன் செய்தார். அவருக்கு முழங்கால் போய்விட்டது. அவருடைய சலூன் கடையைச் சித்தப்பாவே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறான். சித்தப்பா மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டார். ஆனால் அந்த மாதம்தான் சித்தியைத் தலைமை உதவியாளர் ஆக்கியிருந்தார்கள். பெயர் தைத்த சட்டையும், உட்கார்ந்து வேலை பார்க்கச் சக்கரம் வைத்த ஒரு நாற்காலியும் கிடைத்திருந்தன.

"இத்தனை வருஷம் நின்னேன். இப்பதான் உக்காந்திருக்கேன். எழுப்பி விட்டுடாதீங்க" என்றார் சித்தி.

"அங்க ஆஸ்பத்திரியே இல்லையா? அங்க போய் உக்காரு."

"அங்க மறுபடியும் முதல்லேருந்து நிக்கணும். சரி, ஒரு வாரம் போய் அந்தக் கடையில வேலை பாருங்க. திரும்பி வந்தும் அங்கதான் ஒசத்தின்னு சொன்னீங்கன்னா, நான் வேலைய விட்டுட்டு வரேன்."

சித்தி சொன்னால் செய்கிறவர். அடுத்த வாரமே சித்தப்பா வடக்கே கிளம்பினார்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு கூட்டாளிதான் சித்தியிடம் சொன்னார். நியாயமாகச் சொன்னால், சித்தப்பா இவ்வளவு நாளும் அளந்தது பொய்யில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. போன வேகத்தில் அவர் கடையை ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கூட்டாளிக்குக் கை துறுதுறுத்தது.

"உக்காருடா, உனக்கு நான் ஷேவ் பண்றேன்."

நுரை பூசி, நாற்காலியைச் சாய்த்து, கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுவந்தபின் கூட்டாளி ஆரம்பித்தார். "தெக்கெல்லாம் ஒரு ஊராடா? கசகசன்னு வேர்வை. பக்கத்து வீட்டுக்காரன் கதவத் தட்டாமலே உள்ள வருவான். மனுஷன் இருப்பானா அங்க? சரிதானே?"

அப்படிக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்த ஒருவன்தான், காய்ச்சலில் சுருண்டு கிடந்த சித்தப்பாவைத் தோளில் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவன். கால் வைக்க இடமில்லாத அந்தப் பேருந்தின் ஓட்டுநர், இவர் சந்துமுனையில் ஓடிவருவதைப் பார்த்தால் நிறுத்தமே இல்லாத இடத்தில் நிறுத்துவார். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. கத்தி அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"ம்ம்" என்றார் சித்தப்பா.

"பாத்தியா, நீயே ஒத்துக்கற!"

அந்த வாக்கியத்தை அவருக்கு அதுவரை சொல்லித்தான் பழக்கம். கேட்டுப் பழக்கமில்லை. கத்தி விலகியதும், ஒரு கன்னத்தில் நுரையோடு எழுந்து நின்று தெற்குக்காகச் சண்டை பிடித்தார். "உன் புருஷன் கடை பாக்க வந்தானா, இல்ல உங்க ஊருக்கு ஓட்டுக் கேக்க வந்தானாம்மா? துண்டக் குடுத்தும் அடங்கல" என்று பிற்பாடு சித்தியிடம் சொன்னார் கூட்டாளி.

ஆனால் ஊர் திரும்பிய சித்தப்பா இதில் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. தோற்றதாக ஆகிவிடுமே. "எது ஒசத்தி?" என்று சித்தி கேட்டதற்கு, "அங்க தண்ணி ரொம்ப சில்லுனு இருக்கு. பல்லு கூசுது" என்று நழுவினார்.

சித்தி அதையே பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை சித்தப்பா மருத்துவமனையில், வாயைப் பிளந்து, பாதி முகம் மரத்துப்போய்க் கிடந்தார். சித்தி சக்கரம் வைத்த தன் நாற்காலியை உருட்டிப் பக்கத்தில் வந்து, ஒரு கையால் உறிஞ்சுகுழாயை அவர் வாயில் மாட்டி, மறுகையால் கூட்டாளிக்குப் போன் போட்டார். அங்கே கடையில் நடந்த கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அண்ணா, கடைய அந்த இன்னொரு ஆளுக்கே குடுத்துடுங்க. நாங்க வரல. அவரா? இதோ பக்கத்துலதான் இருக்காரு." பிறகு குனிந்து, "என்னங்க, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டு, போனை அவர் வாயருகே பிடித்தார்.

சித்தப்பா சித்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மருத்துவர் முடுக்கிய இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி, கூட்டாளிக்குத் தெளிவாகக் கேட்கும்படி சொன்னார்:

"ம்ம்."