செக்கிங் அண்ணன் அறை காட்டிய கதை

எங்கள் வீட்டில் ஓர் அறை எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. காரணம் அறை இல்லை, அதைக் காட்டிய ஆள்.

சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. மூன்று தளம். அகலம் குறைவு, படிக்கட்டு அதிகம். கட்டில், மெத்தை, அலமாரி, மேஜை எல்லாம் போட்டே வாடகைக்கு விடுவார்கள். ஒரு பெட்டியோடு வந்தால் போதும். சமையலறையும் குளியலறையும் எல்லாருக்கும் பொது. கீழ்த்தளத்தில் பேக்கரி அக்கா. மேல்தளத்தில் நான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் பிரேக் மேல் காலை வைத்தபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் முன்கோபி. நடுத்தளத்தில் இரண்டு அறைகள். ஒன்று அந்தக் காலி அறை. மற்றதில் பதினான்கு வருடமாகச் செக்கிங் அண்ணன்.

சட்டைக் கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. தைத்து வந்த சட்டையை மேஜையில் விரித்து, காலர், கைப்பட்டி, பொத்தான் என்று ஒரு சுற்று விரலை ஓட்டுவார். தையல் விட்டிருந்தாலோ நூல் தொங்கினாலோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் சும்மா இருக்காது. நான் பாட்டுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து, "தோள்பட்டைத் தையல் கோணலா போயிருக்கு தம்பி" என்பார். ஆசையாக வாங்கிய சட்டை அன்றோடு எனக்குப் பிடிக்காமல் போய்விடும்.

வீட்டுக்காரம்மா வேறு ஊரில் மகளோடு இருக்கிறார். வீட்டில் யார் நெடுநாளாக இருக்கிறார்களோ அவர்தான் புதிதாக வருகிறவர்களுக்கு அறையைக் காட்ட வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் தலையெழுத்து, அந்த ஆள் செக்கிங் அண்ணனாகப் போனார்.

முதலில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவரிடம், "இந்த அலமாரி திறந்தா மூடாது, மூடினா திறக்காது" என்றார் அண்ணன். அடுத்து வந்த மருந்துக்கடைப் பையனிடம், "நாற்காலி உக்காரத்தான். சாஞ்சா கம்பெனி பொறுப்பில்ல" என்றார். மூன்றாவதாக வந்தவர் குளியலறைக் குழாயைப் பற்றிய விளக்கம் முடிவதற்குள்ளேயே செருப்பை மாட்டிக்கொண்டார். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையை இப்படியா ஒருவர் முகத்தில் எறிவது?

போன மாதம் வீட்டுக்காரம்மா எங்கள் மூவரையும் ஒன்றாகப் போனில் பிடித்தார். "மாசக் கடைசிக்குள்ள அந்த ரூமுக்கு ஆள் வரலேன்னா என் தம்பி மகன் கிட்ட வீட்டைக் கொடுத்துடப் போறேன். ஆபீஸ் வைக்க இடம் கேட்டுக்கிட்டே இருக்கான்."

வீடு போனாலும் எனக்குக் கூடப் பிறந்த அக்கா வீடு இருக்கிறது. பேக்கரி அக்காவுக்குக் கடைக்கு மேலேயே ஓர் அறை தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அன்று அவர் போனை மேஜையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடியும் கழுவினார்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு ஒரு அம்மா அறை பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் அண்ணனை உட்காரவைத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க கதவை மட்டும் திறங்க. வாயைத் திறக்காதீங்க."

"சரி தம்பி."

"ஒரு வார்த்தை கூட."

"அதான் சரின்னுட்டேனே."

இரண்டு வகுப்பை முடித்துவிட்டு அவசர அவசரமாக வந்து, படியேறி அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரிக் கதவில் ஒரு சிவப்பு அம்பு. நாற்காலி முதுகில் ஒன்று. கட்டில் காலில், ஜன்னல் கொக்கியில், மேஜை டிராயரில், சுவரில் ஈரம் ஊறிய இடத்தில். மொத்தம் ஆறு.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே நான் மகிழ்வேன் என்று நினைத்திருக்கிறார்.

ஒன்றைக்கூடப் பிய்த்து எடுக்க நேரமில்லை. கீழே மணி அடித்தது. பேக்கரி அக்கா அந்த அம்மாவை மேலே அழைத்து வந்தார். நாற்பது வயதிருக்கும். பல்செட் செய்கிற கூடத்தில் வேலையாம். உள்ளே நுழைந்து ஸ்டிக்கர்களைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். நானும் அக்காவும் நல்ல பிள்ளைகளாகப் படிக்கட்டுக்கு நகர்ந்துவிட்டோம். ஆனால் கண்ணையும் காதையும் அங்கேயே விட்டுவைத்தோம்.

அந்த அம்மா ஒவ்வோர் அம்பாகப் போனார். அலமாரியைத் திறந்தார். மூட முடியவில்லை. டிராயரை இழுத்தார். பாதியில் நின்றது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். அது ஒரு பக்கமாக முனகியது.

"இவ்வளவுதானா?" என்றார்.

அண்ணன் வாக்குக் கொடுத்தவர் அல்லவா, வெளியே வந்து படிக்கட்டில் இருந்த என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் திரும்பிப் போனார்.

"இன்னொன்னு இருக்கும்மா. அதுல ஒட்ட முடியல. பக்கத்து ரூம்."

"பக்கத்து ரூம்ல என்ன?"

"நான்தான். காலைல அஞ்சு மணிக்கு இருமுவேன். அரை மணி நேரம் ஆகும். சுவர் மெல்லிசு. அப்புறம், எதுல என்ன குறைன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். யாருக்கும் பிடிக்காது. நிறுத்தணும்னு பாக்கறேன், முடியல."

பேக்கரி அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த மனுஷனை என்ன செய்வது என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே போய் அவர் வாயை ஒரே அமுக்காக அமுக்கிவிடலாம் என்று இரண்டு படி ஏறினேன்.

"இவ்வளவு குறை தெரிஞ்சும் நீங்க ஏன் இங்கயே இருக்கீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

அண்ணன் அலமாரிக் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. கீழ இருக்கற அக்கா மூணு நாள் ரொட்டியைப் பால்ல ஊற வெச்சு எடுத்துட்டு வந்தாங்க. மேல இருக்கற தம்பி வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. வரிசையில நிக்க முடியாதுன்னு என்னைக் கார்ல உக்கார வெச்சுட்டு அவரு போய் நின்னாரு. எனக்கு வேற எங்க போய் இருக்கறதுன்னு தெரியலம்மா."

நான் ஏறிய படியிலேயே நின்றுவிட்டேன். அந்தக் காய்ச்சலை நான் மறந்தே போயிருந்தேன். அவரும் அதைப் பற்றி ஒரு நாள் கூட எங்களிடம் பேசியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா வெளியே வந்தார். எங்களைத் தாண்டிக் கீழே இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"பதினோரு ரூம் பாத்துட்டேன். எல்லாமே புதுசு மாதிரிதான் இருக்கும்னாங்க. பக்கத்து ரூம்காரருக்கு உடம்பு சரியில்லேன்னா யாரு பாத்துக்குவாங்கன்னு எங்கயும் யாரும் சொல்லல. நாளைக்கே வந்துடறேன். வீட்டுக்காரம்மா நம்பர் கொடுங்க."

எண்ணைக் கொடுத்துவிட்டு மேலே போனேன். அண்ணன் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இருந்தார்.

"கெடுத்துட்டேனா தம்பி?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அவரைத் திட்ட வரவில்லை.

"நாளைக்கு வர்றாங்கண்ணே."

நான் சொன்னது அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப நான் எங்கயும் போக வேண்டாம்" என்றார். என்னைப் பார்த்து மறுபடியும் அதையே கேட்டார், "போக வேண்டாமா?"

"வேண்டாம்ணே" என்றேன்.