உயிரற்றவை வரிசையில் ஒரு குப்பி

வீட்டு முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் மீன் தொட்டிகளை அடுக்கினால் தெருவில் வேறென்ன பேர் வைப்பார்கள்? தொட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அவர் விற்றதெல்லாம் மொத்தக் கடையில் வாங்கிய மீன். தன் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஏஞ்சல் மீன் ஒன்றையாவது விற்றுவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

இரண்டு முறை குஞ்சு பொரித்தது. இரண்டு முறையும் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அசையாத எதையும் அந்தக் குஞ்சுகள் உணவாகவே மதிப்பதில்லை; எவ்வளவு நைசான தூளைத் தூவினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. "மச்சான், பேசாம பொம்மை மீன் வளருங்க, அதுக்குச் சோறே வேண்டாம்" என்பார் மைத்துனர். தொட்டிக்காரர் சிரித்து வைப்பார். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

மூன்றாம் முறை குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய காலையில், இதற்கென்றே போன வருடம் வாங்கி வைத்திருந்த ஆர்ட்டீமியா முட்டை டப்பாவைத் திறந்தார். பார்க்க வெறும் பழுப்புத் தூள்தான். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றடித்தால் மறுநாளே பொடி இறால்களாகத் துள்ளும். ஆனால் மூடியைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார். ஈரம் ஏறித் தூள் கட்டிதட்டி நாறியது. கடையில் கேட்டால் சரக்கு வர ஒரு வாரமாகும் என்றார்கள். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பள்ளியில் உயிரியல் நடத்தும் மனைவி எட்டிப் பார்த்தார். "இது மணல் இல்லையா?"

"மணலா? முட்டை, டீச்சர். ஏன் கேக்குற?"

டீச்சருக்கு முகம் வெளிறியது. போன வருடம் வகுப்பு அலமாரியில் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு வரிசை வைத்தபோது, மணல் என்று நினைத்து இதிலிருந்துதான் ஒரு குப்பியை நிரப்பி, இறுக்கி மூடி, கூழாங்கல்லுக்கும் ஆணிக்கும் நடுவில் நிறுத்தியிருந்தார்.

"மூச்சு விடாது, சாப்பிடாது, வளராதுன்னு அதைக் காட்டித்தாங்க பாடம் நடத்துறேன்."

"அத்தனையும் கேட்டுட்டு அது சும்மா இருந்திருக்கு பாரு" என்று துள்ளி எழுந்தார் அவர்.

மாலையில் குப்பி வீட்டுக்கு வந்தது. ஒரு சிட்டிகையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மீதியை ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரில் கொட்டினார்கள். மறுநாள் டீச்சர் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "இங்க வா" என்று குரல் வந்தது. தொட்டிக்காரர் பாட்டிலின் பக்கவாட்டில் டார்ச் அடித்தார். ஆரஞ்சு நிறப் பொடிகள் கூட்டமாக வெளிச்சத்தை நோக்கி நீந்தி வந்தன.

டீச்சர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "மூச்சை நிறுத்தி வச்சிருந்திருக்கு, அவ்வளவுதான். தண்ணி கெடச்சா திரும்பத் தொடங்குற ஏற்பாடு உள்ளயே இருக்கு. மணலுக்குள்ள அது கிடையாது. நான்தான் ஒரு வரியை விட்டுட்டு நடத்தியிருக்கேன்."

வடிகட்டித் தொட்டியில் விட்டதும் குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. சற்று நேரத்தில் அத்தனை வயிறும் ஆரஞ்சாகத் தெரிந்தது. தொட்டிக்காரருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மைத்துனருக்கு உடனே போன் போட்டார்.

குஞ்சுகள் பெரிதானதும் முதல் மீனை வாங்க வந்தது டீச்சர்தான், வகுப்புக்காக. உயிருள்ளவை வரிசையில், இடம் மாறி வந்திருந்த அந்தக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். விலையில் தொட்டிக்காரர் ஒரு சல்லிக்காசுகூடக் குறைக்கவில்லை.