பொய்க் கட்டு

எழுபதுகளில் மலையேறும் ஆசையில் நாங்கள் சில நண்பர்கள் பீர்மேட்டுக்கு முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தோம். அன்று கால் முறிந்தவனாக நடிக்கும் முறை எனக்கு. கம்பு வைத்துக் காலைக் கட்டி, போர்வைத் தூளியில் போட்டுத் தேயிலைக்காடு வழியே தூக்கிப் போனார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். யாரையாவது இப்படித் தூக்கி வந்தால் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்து தோள் மாற்றுவது அந்த எஸ்டேட் வழக்கம். அது எங்களுக்குத் தெரியாது. "விடுங்கய்யா, நாங்க பிடிக்கோம்" என்று தூளியை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார்கள். ஒருத்தி என் தலையைத் தாங்கிக்கொண்டு, "கண்ண மூடிராதய்யா, இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, இது சும்மா பயிற்சி" என்றேன்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கட்டின்மேல் அழுத்திப் பார்த்தாள்.

"நெசமாவே ஒண்ணுமில்லியே?"

"இல்லக்கா."

"அப்பாடா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுக்கப் போனாள்.

சில வருஷம் கழித்துப் பாலக்காட்டில் ஒரு தெருவில் எனக்கு நிஜமாகவே கால் முறிந்தது. யாரோ சரியாகத்தான் கட்டுப் போட்டார்கள். நான் கண்ணை மூடாமல் அந்த அக்காவின் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.