பிடிச்சிருக்கேங்க

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

நான் மெக்கானிக். தங்கை புருஷன் ஒரு பழைய பிக்கப்பை வாங்கி வந்து என் பட்டறையில் நிறுத்தினான். வீடு மாற்றுகிறார்களாம். மறுநாள் காலை அதில் என் தங்கையையும் ஆறு மாதக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கப்போகிறானாம்.

வண்டிக்கு அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பெயின்ட். பார்த்ததுமே சுருக்கென்றது. பதினெட்டு வருஷ வண்டிக்கு அடியில் எவன் பெயின்ட் அடிப்பான்? சுரண்டினேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் பைப், விரல் பட்டதும் ஒடிந்தது.

"வித்தவன் உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான், மாப்ளே."

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம், மச்சான்."

புதுப் பைப் போட்டேன். அடுத்து, பைப்பில் அடைந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மாப்பிள்ளை மேலே. நான் கீழே. மாலை 4.20. தகரக் கூரையில் மழை கொட்டியது.

இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் ஊர்ந்து போனேன். 4.37.

"பிடி!"

"பிடிச்சிருக்கேங்க."

மழையைத் தாண்டி, காதருகே பேசியதுபோல் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் மாப்பிள்ளை எனக்கு 'ங்க' போட்டதே கிடையாது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன்.

நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீறிட்டது. மூடினேன்.

"விடு!"

ஸ்பேனரால் வண்டியின் அடியில் தட்டினேன்.

"விடு மாப்ளே!"

"மாட்டேங்க..."

அழுகிற குரல்.

சரக்... சரக்... பெடலில் செருப்பு தேய்கிற சத்தம்.

அப்போதுதான் பட்டறை வாசலில் இரண்டு கால்களைப் பார்த்தேன். மழையில் நனைந்த கால்கள்.

என் மாப்பிள்ளை.

"ஆயில் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? யார்கிட்ட கத்துற?"

எப்படி வெளியே வந்தேனோ... கதவைத் திறந்தேன்.

சீட் காலி.

பெடல் மட்டும் தரையோடு அழுந்தியிருந்தது.

4.41க்கு... மெல்ல மேலே வந்தது.

தங்கையை அந்த வண்டியில் ஏற விடவில்லை. மறுநாளே போய் விற்றவனின் சட்டையைப் பிடித்தேன். முதலில் மழுப்பினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இறக்கத்துல பிரேக் பைப் விட்டுப்போச்சு. டிரைவர் குதிச்சிருக்கலாம், குதிக்கல. பாறையில மோதி நின்னப்ப உசுர் இல்ல. பெடல்லேர்ந்து அவன் காலை எடுக்க மூணு பேர் தேவைப்பட்டுச்சு."

"ஏன் குதிக்கல?"

"பின்னால, சாமான் மேல... அவன் பொண்டாட்டியும் கைக்குழந்தையும் உட்கார்ந்திருந்தாங்க."